படம் கெடவில்லை, பழைய கணினிதான் திணறுகிறது

புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு தாயார் கேட்ட கேள்வி இது. செங் சன்னாசிமலை மாசிமகத் திருவிழாவில் மகன் கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ. காலமான கணவர் கடைசியாக நடந்து போவது அதில்தான் இருக்கிறதாம். வீட்டுப் பழைய கணினியில் போட்டால் ஒலி வருகிறது, படம் நின்று நின்று போகிறது. "ஃபைல் கெட்டுப் போச்சு, அழிச்சிடுங்க" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

தயவு செய்து அழித்துவிடாதீர்கள்! அதில் கோளாறே இல்லாமல் இருக்கலாம்.

வீடியோ என்பது விநாடிக்கு 30 படங்கள். சுருக்காமல் வைத்தால், 1080பி அளவில் ஒரு நிமிடத்துக்கே 11 ஜிகாபைட் வேண்டும். எந்தப் பென்டிரைவ் தாங்கும்? அதனால் முதல் படத்தை முழுதாக வைத்துக்கொண்டு, பிறகு மாறியதை மட்டும் குறித்து வைக்கிறார்கள். தீபாராதனையை நினைத்துப் பாருங்கள். தூணும் சுவரும் அசைவதில்லை, சுடரும் ஐயரின் கையும்தான் அசைகின்றன. அந்த அசைவு மட்டுமே பதிவாகிறது.

2003இல் வந்த எச்.264 முறை இப்படித்தான் சுருக்கியது. 2013இல் வந்த எச்.265 ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி இடத்தில் அடக்குகிறது. இடம் மிச்சம், ஆனால் வேலை மிச்சமில்லை. அந்தக் குறிப்புகளைப் படித்து மீண்டும் முழுப் படமாக்கும் பாரம் கணினியின் புராசசர் தலையில் விழுகிறது. புதிய கணினிகளில் இதற்கென்றே தனிப் பகுதி உண்டு. 2010ஐ ஒட்டி வசதி குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த 1மலேசியா நெட்புக் போன்றவற்றில் அது கிடையாது. அவை அன்றைய பாடத்துக்குப் போதுமானவை, இன்றைய 4கே வீடியோவுக்கு அல்ல.

முதலில் விஎல்சி என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். வேறு பிளேயரில் ஒலி மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால், பெரும்பாலும் அந்த முறையைப் படிக்கும் கோடெக் இல்லை என்று பொருள். விஎல்சியில் அது உள்ளேயே இருக்கிறது. அதிலும் படம் தடுமாறினால் புராசசருக்குச் சக்தி போதவில்லை.

அப்போது உறவினர் அல்லது நண்பரின் புதிய கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் எச்.264, 480பி என்று மாற்றி வாங்குங்கள். 4கே படம் ஒன்றில் 80 இலட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். 480பியில் சுமார் 4 இலட்சம்தான். பழைய கணினி மூச்சு விட்டுவிடும். ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைத் திருத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது அரிசி மூட்டைக்குச் சீனி என்று பெயர் எழுதுவது போல.

வாட்ஸ்அப்பில் வந்தது மட்டும் ஓடுகிறதே என்பீர்கள். அது அனுப்பும்போதே படத்தைச் சிறிதாக்கி விடுகிறது, முகம் மங்கிப் போகும். அதையே வைத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிடக் கூடாது. மாற்றிய பிரதி பார்ப்பதற்கு. மூலம் இரண்டு இடங்களில் பத்திரமாக இருக்கட்டும்.

ஐபோன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் இன்னொன்று சொல்லுங்கள். 2017 முதல் புதிய மாடல்கள் எச்.265 முறையில்தான் எடுக்கின்றன. கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் பகுதிக்குப் போய், 'மோஸ்ட் கம்பாட்டிபல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அளவையும் 1080பிக்குக் குறைத்துக்கொண்டால், அடுத்த திருவிழாப் படத்துக்கு இவ்வளவு பாடு இருக்காது.