சிறு சரக்குந்தின் தொங்கலமைப்பு

சிறு சரக்குந்தின் தொங்கலமைப்பு என்பது, பிக்கப் என வழங்கப்படும் சிறு சரக்கு வண்டியின் அடிச்சட்டத்தையும் அதன் சக்கர அச்சுகளையும் இணைக்கும் விற்கள், அதிர்வொடுக்கிகள், இணைப்புகள் ஆகியவற்றின் தொகுதி ஆகும். சுமையைத் தாங்குதல், சாலையின் மேடுபள்ளங்களால் எழும் அதிர்ச்சியைக் குறைத்தல், டயர்கள் எப்பொழுதும் சாலையைத் தொட்டுக்கொண்டிருக்கச் செய்தல் ஆகிய மூன்றும் இதன் பணிகள். பொறிவல்லுநர்கள் இதனைச் சஸ்பென்சன் என அழைப்பர்.

மகிழுந்தின் எடை ஓட்டுநர் தனியே செல்லும்பொழுதும் குடும்பத்தினர் அனைவரும் ஏறியபொழுதும் பெரிதும் வேறுபடுவதில்லை. சிறு சரக்குந்தின் பின்னச்சிலோ வெற்று வண்டியில் இருக்கும் எடையைப்போல் இருமடங்கு, மும்மடங்கு எடை சுமையேற்றியபின் இறங்கக்கூடும். இவ்விரு நிலைகளுக்கும் ஒரே வில் பயன்படுவதே இவ்வண்டிகள் குலுங்குவதற்கு அடிப்படைக் காரணம். எனவே குலுக்கம் குறைந்த தொங்கலமைப்பைத் தெரிவு செய்வதற்கு, வண்டி நாள்தோறும் எவ்வளவு சுமையுடன் ஓடுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பெயரும் வரலாறும்

தமிழில் வில் என்னும் சொல் அம்பெய்யும் கருவியையும், அழுத்தினால் வளைந்து விட்டால் மீளும் உலோக உறுப்பையும் குறிக்கும். ஆட்கள் பயணம் செய்வதற்கெனப் பட்டைவில் பொருத்திய மாட்டு வண்டி வில்வண்டி எனப்பட்டது. சரக்கேற்றும் பாரவண்டிக்கு வில் இல்லை; அச்சின்மீதே அதன் உடல் அமர்ந்திருக்கும். சிறு சரக்குந்து பாரவண்டியின் வேலையைச் செய்துகொண்டே வில்வண்டியின் சுகத்தையும் தரவேண்டிய ஊர்தி எனலாம்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஒபதையா எலியட் குதிரை வண்டிகளுக்கான நீள்வட்டப் பட்டைவில்லுக்கு 1804 ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். தானுந்துகள் தோன்றியபொழுது அவ்வில்லே அவற்றிலும் இடம்பெற்றது. வேகம் கூடியபொழுது, வில் மட்டும் இருந்தால் வண்டி மேடு கடந்த பின்னரும் ஆடிக்கொண்டிருக்கும் என்பது தெளிவாயிற்று. அதனால் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிர்வொடுக்கி உருவானது.

அமைப்பும் செயற்பாடும்

தொங்கலமைப்பின் முதன்மை உறுப்புகள் பின்வருமாறு:

* வில்: எடையைத் தாங்குவது இதுவே. மேட்டில் சக்கரம் ஏறும்பொழுது வில் அமுங்கி ஆற்றலைச் சேமிக்கிறது. பின்னர் அதனைத் திருப்பித் தருகிறது.
* அதிர்வொடுக்கி: ஷாக் அப்சார்பர் என வழங்கப்படும் இவ்வுறுப்பு எடையைத் தாங்குவதில்லை. எண்ணெய் நிறைந்த உருளையினுள் உந்துதண்டு ஒன்று மேலும் கீழும் செல்கிறது. அதன் தலையிலுள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் நெருக்குண்டு பாய்வதால் அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இவ்வாறு வில்லின் ஆட்டம் அடங்குகிறது.
* புஷ், ஷேக்கிள்: பட்டைவில் நிமிரும்பொழுது அதன் நீளம் சற்றே கூடும். அதற்கு இடம் கொடுப்பது ஷேக்கிள் எனும் ஊசல் இணைப்பு. இணைப்புகளில் உள்ள புஷ் தேய்ந்தால் வண்டியில் ஓசையும் தள்ளாட்டமும் தோன்றும்.
* ரப்பர் முட்டு: வில் முழுவதும் அமுங்கும்பொழுது அச்சும் அடிச்சட்டமும் மோதாமல் தடுக்கும் இறுதிக் காப்பு.
* டயர்: சாலையின் அதிர்ச்சியை முதலில் வாங்கும் வில் டயரினுள் உள்ள காற்றேயாகும்.

வில், அதிர்வொடுக்கி ஆகிய இரண்டின் பணிகளையும் ஒன்றென எண்ணுவது பரவலான பிழை. சுமையேற்றியதும் வண்டியின் பின்புறம் மிகவும் தாழ்ந்தால், சுமை அளவை மீறியுள்ளது, அல்லது வில் தளர்ந்துள்ளது அல்லது உடைந்துள்ளது என்பது பொருள். மேடு கடந்தபின் வண்டி இரண்டு மூன்று முறை எழுந்தாடினால் அதிர்வொடுக்கி தளர்ந்துள்ளது என்பது பொருள். முன்னதற்கு அதிர்வொடுக்கியை மாற்றுவதும் பின்னதற்கு வில்லை மாற்றுவதும் வீண் செலவாகும்.

வெற்று வண்டி குலுங்குவதன் காரணம்

வில்லின்மேல் அமர்ந்துள்ள உடல் ஒரு நொடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது அதன் இயல் அதிர்வெண் ஆகும். எடையினால் வில் எத்தனை செ.மீ. தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு இதனை எளிதில் கணிக்கலாம். 5 என்னும் எண்ணை அத்தாழ்வின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ அதிர்வெண் (ஹெர்ட்சு).

எடுத்துக்காட்டாக, பின்விற்களின்மேல் வெற்று வண்டியில் 500 கி.கி. எடையும், 1,000 கி.கி. சரக்கேற்றியபின் 1,500 கி.கி. எடையும் இறங்குவதாகக் கொள்வோம். மூன்று வகை விற்களுக்குக் கணக்கு பின்வருமாறு அமையும்:

* செ.மீ.க்கு 100 கி.கி. தாங்கும் மென்மையான வில்: வெற்று வண்டியில் தாழ்வு 5 செ.மீ., அதிர்வெண் 2.2, சுமையுடன் தாழ்வு 15 செ.மீ., அதிர்வெண் 1.3.
* செ.மீ.க்கு 150 கி.கி. தாங்கும் நடுத்தர வில்: வெற்று வண்டியில் 3.3 செ.மீ., 2.7, சுமையுடன் 10 செ.மீ., 1.6.
* செ.மீ.க்கு 200 கி.கி. தாங்கும் கடினமான வில்: வெற்று வண்டியில் 2.5 செ.மீ., 3.2, சுமையுடன் 7.5 செ.மீ., 1.8.

மகிழுந்துகளில் இவ்வெண் பெரும்பாலும் 1 முதல் 1.5 வரை இருக்கும். அமர்ந்திருக்கும் மனித உடல் 4 முதல் 8 ஹெர்ட்சு வரையிலான செங்குத்து அதிர்வை மிகுதியாக உணர்கிறது. அதிர்வெண் உயர உயர ஓட்டுநரின் முதுகெலும்பு படும் துன்பமும் கூடுகிறது. சுமையுடன் சீராகச் செல்லும் வண்டி திரும்பி வெறுமையாக வரும்பொழுது குலுங்குவது ஏன் என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

மென்மையான வில்லையே எப்பொழுதும் பொருத்தலாம் எனவும் முடிவு செய்ய இயலாது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மென்மையான வில், சரக்கேற்றியதும் மேலும் 10 செ.மீ. தாழ்ந்துவிடுகிறது. அச்சுக்கும் முட்டுக்கும் இடையே எஞ்சும் இடைவெளி குறைவாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் முட்டு இடிக்கும். அவ்வேளையில் வில் இல்லாத பாரவண்டியின் நிலையே ஏற்படும்.

விற்களின் வகைகள்

அடுக்குப் பட்டைவில்: பல எஃகுப் பட்டைகளை அடுக்கி நடுவில் ஆணியாலும் யூ போல்ட்டாலும் இறுக்கியது. பட்டறைகளில் இது கமான் பட்டை எனவும் வழங்கும். மலிவானது, உறுதியானது, அச்சைத் தன் இடத்தில் நிறுத்தும் பணியையும் தானே செய்வது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் சிறு மேடுகளில் வில் அசையாமல் அதிர்ச்சியை அப்படியே மேலே கடத்துவது இதன் குறை.

பரவளைவுப் பட்டைவில்: பட்டையின் தடிமன் நடுவில் மிகுந்தும் முனைகளில் குறைந்தும் இருக்கும். ஒன்று முதல் மூன்று வரையிலான பட்டைகளே போதுமானவை. உராய்வும் எடையும் குறைவு. ஆதலால் குலுக்கம் குறைகிறது.

ஈரடுக்கு வில்: முதன்மை அடுக்குக்குக் கீழோ மேலோ உதவிப் பட்டை ஒன்று இருக்கும். வண்டி வெறுமையாக உள்ளபொழுது அது சுமை தாங்காது. சுமை ஏறி வில் தாழ்ந்தபின்னரே அது தொட்டுத் தாங்கத் தொடங்கும். வெற்று வண்டிக்கு மென்மையும் சுமை வண்டிக்கு வலிமையும் தருவதற்கான எளிய வழி இது.

சுருள்வில்: முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும் அமைப்புகளில் பயன்படுகிறது. இந்தியாவில் 2022 இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியில் முன்புறம் சுருள்வில்லும் பின்புறம் பட்டைவில்லும் உள்ளன.

2005 இல் அறிமுகமாகி, தமிழ்நாட்டில் குட்டி யானை எனப் பெயர்பெற்ற டாட்டா ஏஸ் தொடக்கத்தில் ஏறத்தாழ 750 கி.கி. சுமைக்கென வடிவமைக்கப்பட்டது. 2011 இல் வெளிவந்து ஓசூரில் தயாரிக்கப்பட்ட அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன் சுமைக்கு உரியது. ஒரே சரக்கை ஏற்றினாலும் இவ்விரண்டின் விற்களும் வெவ்வேறு அளவில் தாழும். ஆகையால் ஒரு வண்டிக்குரிய வில்லை மற்றொன்றில் பொருத்துதல் தகாது.

அதிர்வொடுக்கியின் வகைகள்

இரட்டைக் குழல் வகையில் உள்ளுருளையைச் சுற்றி எண்ணெய்த் தேக்கம் உள்ளது. இது விலை குறைந்தது. கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடினால் எண்ணெயுடன் காற்று கலந்து நுரைத்து, ஒடுக்கும் வலிமை தற்காலிகமாகக் குறையும். தாழ்ந்த அழுத்தத்தில் நைட்ரசன் அடைத்த இரட்டைக் குழல் வகை நுரைத்தலைக் குறைக்கிறது. ஒற்றைக் குழல் வகையில் மிதக்கும் தடுப்பு ஒன்று உயரழுத்த நைட்ரசனை எண்ணெயிலிருந்து பிரிக்கிறது. வெப்பம் வெளிப்புறச் சுவர் வழியே நேரடியாக வெளியேறுவதால் நெடும்பயணத்திலும் இதன் வலிமை குன்றுவதில்லை. எனினும் விலை மிகுதி, குழல் நசுங்கினால் உடனே பயனற்றுப்போகும்.

பெரும்பாலான அதிர்வொடுக்கிகள் அமுங்கும்பொழுது குறைவாகவும் விரியும்பொழுது மிகுதியாகவும் தடுக்குமாறு அமைக்கப்படுகின்றன. அமுங்கும்பொழுது மிகுதியாகத் தடுத்தால் மேட்டின் அதிர்ச்சி உடலுக்கு ஏறிவிடும். ஆகவே கடினமான அதிர்வொடுக்கி எல்லா வண்டிக்கும் நல்லது என்னும் கருத்து சரியன்று.

கொங்கு நாட்டில் பயன்பாடு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல் உள்ளிட்ட கொங்குப் பகுதியில் சிறு சரக்குந்துகள் சுமக்கும் பொருள்கள் தன்மையில் பெரிதும் வேறுபடுகின்றன. தேவையும் அதற்கேற்ப மாறுகிறது.

நாமக்கல் பகுதியின் முட்டைகள் 30 முட்டைகள் கொள்ளும் தட்டுகளில் அடுக்கப்பட்டுச் செல்கின்றன. ஒரு டன் சுமை என்பது ஏறத்தாழ 18,000 முட்டைகள். இங்கே குலுக்கம் என்பது நேரடி இழப்பு. செல்லும்பொழுது முழுச்சுமை, திரும்பும்பொழுது காலித் தட்டுகள் என நிலை மாறுவதால் ஈரடுக்கு வில் இதற்கு ஏற்றது. பின்னச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியே மிகுதியாக எழுந்து விழும். இடமிருந்தால் எளிதில் உடையும் பொருள்களை ஓட்டுநர் அறைப்பக்கமாக அடுக்குதல் நன்று.

நீலகிரியின் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட் ஆகியவை மேட்டுப்பாளையம் சந்தைக்கு இறங்குகின்றன. மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளும், ஆழியாறு - வால்பாறை சாலையில் 40 வளைவுகளும், திம்பம் மலைச்சாலையில் 27 வளைவுகளும் உள்ளன. மூட்டைகளை உயரமாக அடுக்கிய வண்டி இவ்வளைவுகளில் பக்கவாட்டில் சாயும். மிக மென்மையான வில் இச்சாய்வைக் கூட்டும். எனவே மலைப்பாதை வண்டிக்குச் சுகத்தைக் காட்டிலும் உறுதியான வில்லும் வெப்பத்தில் தளராத அதிர்வொடுக்கியும் முதன்மையானவை.

திருப்பூரின் பின்னலாடைச் சிப்பங்கள் இடத்தை அடைக்குமேயன்றி எடை குறைந்தவை. அத்தகைய வண்டிக்குப் பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றும் வண்டியின் கடினமான வில் தேவையில்லை.

தெரிவு செய்யும் முறை

1. வழக்கமான சுமையை எடைமேடையில் நிறுத்து அறிதல். பின்னச்சை மட்டும் தனியே நிறுத்தல் இன்னும் சிறந்தது.
2. டயர்க் காற்றழுத்தத்தைத் தயாரிப்பாளர் குறித்துள்ள அளவில் வைத்தல். வெற்று வண்டிக்கும் சுமை வண்டிக்கும் தனித்தனி அளவுகள் குறிக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பின்பற்றுதல். செலவில்லாமல் குலுக்கத்தைக் குறைக்கும் முதல் வழி இதுவே.
3. புஷ், ஷேக்கிள், யூ போல்ட் ஆகியவற்றைச் சோதித்தல்.
4. எண்ணெய் கசிந்த அதிர்வொடுக்கிகளை மாற்றுதல். ஒரே அச்சின் இரு பக்கங்களிலும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். முழுவதும் அமுங்கிய நீளமும் முழுவதும் விரிந்த நீளமும் பழையதோடு ஒத்திருத்தல் வேண்டும்.
5. இவற்றுக்குப் பின்னரும் குறை நீங்காவிடில் மட்டும் வில்லை மாற்ற எண்ணுதல். மாற்றினால், புதிய வில்லுக்கு ஏற்ற அதிர்வொடுக்கியையும் சேர்த்தே தெரிவு செய்தல்.

கூடுதல் பட்டை பொருத்துதல்

சுமை மிகுதியாக ஏற்றுவதற்காகப் பட்டறையில் கூடுதல் பட்டை சேர்ப்பது வழக்கமாக உள்ளது. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 8 மி.மீ. பட்டைக்கு மாறாக 10 மி.மீ. பட்டை இட்டால் அப்பட்டையின் விறைப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. வில் மட்டும் வலுப்பெற்றாலும் அச்சு, சக்கரத் தாங்கி, டயர், பிரேக் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. வண்டி தாழாததால் சுமை மிகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மலையிறக்கத்தில் பிரேக் அதனை உணரும். பழைய அதிர்வொடுக்கி புதிய வில்லின் எழுச்சியை அடக்க இயலாமல், வெற்று வண்டியின் பின்சக்கரங்கள் மேடுகளில் தரையை விட்டுத் துள்ளும். ஈரச் சாலையில் இது வண்டி வழுக்குவதற்கு வழிவகுக்கும்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 113 ஆம் பிரிவு பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையை மீறி வண்டியை ஓட்டுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்திற்குப் பின் 194 ஆம் பிரிவின்படி இதற்குத் தண்டத்தொகை 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் ஆகும். பட்டை சேர்ப்பதால் பதிவுச் சான்றில் உள்ள எடை கூடுவதில்லை.

பராமரிப்பு

அதிர்வொடுக்கி சிறிது சிறிதாகவே தளர்வதால் நாள்தோறும் ஓட்டுபவருக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. உருளையின்மேல் எண்ணெய்க் கசிவு, டயரில் இடைவிட்டுத் தோன்றும் குழிவான தேய்வு, பிரேக் பிடிக்கும்பொழுது முன்புறம் மிகுதியாகக் குனிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். பட்டைகளில் வெடிப்பு உள்ளதா என நடு ஆணியின் அருகிலும் முனைக் கண்களிலும் பார்த்தல் வேண்டும். புதிய வில் பொருத்தியபின் சில நாள் சுமையுடன் ஓட்டிவிட்டு யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்குதல் தேவை. அவை தளர்ந்தால் நடு ஆணி அறுந்து அச்சே இடம்பெயரக்கூடும். வளைவு குறைந்த பழைய பட்டையைச் சம்மட்டியால் அடித்து மீண்டும் வளைப்பதுண்டு. இவ்வாறு வளைத்தது உரிய வெப்பப் பதப்படுத்தல் இல்லாவிடில் விரைவில் மீண்டும் தாழ்ந்துவிடும்.