எரியும் மண்ணை ஈரமாக வைப்போம்

மண் எரியுமா? எரியும்! 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. சுமத்ராவில் காடும் காம்புட் நிலமும் எரிந்த புகையே அதற்கு முக்கியக் காரணம்.

மலாயில் ‘தானா காம்புட்’ எனப்படும் இம்மண்ணைத் தமிழில் முற்றா நிலக்கரி என்பர். சதுப்புக் காட்டில் விழும் இலையும் கிளையும் நீரில் மூழ்குகின்றன. காற்று புகாததால் முழுமையாக மக்குவதில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்து கருமண்ணாகின்றன. ஒரு மீட்டர் ஆழம் சேர ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஆகும்.

இதனால் என்ன பயன்? அயர்லாந்து மக்கள் இதை வெட்டி, உலர்த்தி அடுப்பெரித்தார்கள், மின்சாரமும் எடுத்தார்கள். பூந்தொட்டி மண்ணிலும் இது கலக்கப்படுகிறது. நம் நாட்டில் இந்நிலத்தின் நீரை வடித்துச் செம்பனையும் அன்னாசியும் பயிரிடுகிறார்கள்.

சிக்கல் அங்குதான் தொடங்குகிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண் சுருங்கி, நிலம் ஆண்டுதோறும் தாழ்கிறது. காய்ந்த மண்ணில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தாலும் போதும், தீ நிலத்தடியில் பரவும். மேலே தண்ணீர் ஊற்றினால் எளிதில் அணையாது.

ஆகவே, இம்மண்ணை ஈரமாக விட்டு வைப்பதே இதன் மிகப் பெரிய பயன். மழைநீரை அது பஞ்சு போல் உறிஞ்சி வைக்கிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே என்றாலும், உலகக் காடுகளின் மரங்களில் உள்ளதைவிட ஏறக்குறைய இருமடங்கு கரிமம் இதில் அடங்கியுள்ளது.

சிலாங்கூரில் நல்ல முன்மாதிரியும் உண்டு. ராஜா மூசா காட்டில் 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் கால்வாய்களை அடைத்து, பொதுமக்களுடன் மரம் நட்டு வந்துள்ளன. கோல லங்காட் வடக்குக் காட்டின் ஒரு பகுதிக்கு 2021-இல் பாதுகாப்பு நீக்கப்பட்டது. அங்கு வாழும் தெமுவான் பூர்வகுடியினரும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் கொடுக்கவே, அதே ஆண்டு செப்டம்பரில் மாநில அரசு முடிவை மாற்றிக்கொண்டது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் துளசி வளர்ப்பவருக்கும் இதில் பங்குண்டு. தொட்டிக்குக் காம்புட் மண் வேண்டாம். தேங்காய் நார்த்தூள் போதும். கிள்ளானில் வறட்சி நாளில் குப்பைக்குத் தீ வைக்காமல் இருப்பதும் ஒரு தொண்டே. காம்புட் நிலம் நனைந்திருந்தால்தான் நம் பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிப்பார்கள்.