கடலடியிலும் களை எடுக்க ஆள் வேண்டும்

களையைப் பற்றிப் பயிர் செய்தவர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு போகம் பார்க்காமல் விட்ட வயலில் கோரையும் புல்லும் எப்படி ஏறிவிடும் என்பதை நீங்கள் அறிவீர்கள். பல ஆண்டுகளாகத் தம் காணியின் எல்லையைக்கூட மிதிக்க முடியாதிருந்தவர்கள் அதை இன்னும் நன்றாக அறிவார்கள். இதே கதை கடலுக்கு அடியிலும் நடந்திருக்கிறது. நடந்த இடம் ஜமெய்க்கா. அதைக் கண்டு, அளந்து, எழுதி வைத்தவர்கள் நீருக்கடியில் இறங்கிப் படித்த ஆய்வாளர்கள்.

ஜமெய்க்கா கரிபியன் கடலிலுள்ள ஒரு தீவு. பரப்பில் நமது நாட்டின் ஆறில் ஒரு பங்கு. அதன் வடகரையில் டிஸ்கவரி பே என்னுமிடத்தில் மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் 1965 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் தோமஸ் கோறோ என்னும் விஞ்ஞானி. கரையில் நின்று கடலை ஆராய்வதை விட்டு, காற்றுக் கலனை முதுகில் கட்டிக்கொண்டு தாமே இறங்கி ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் அவர். அதன் பின்னர் பிற நாடுகளிலிருந்தும் மாணவர்கள் தமது விரிவுரையாளர்களோடு அங்கு சென்று, சில வாரங்கள் தங்கி, கடலடியையே வகுப்பறையாக்கிப் படித்து வந்திருக்கின்றனர்.

முருகைக்கல் என்பது என்ன?

முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். ஆகவே அதை வெறுங் கல்லென்றே எண்ணுகிறோம். உண்மையில் அது சின்னஞ்சிறிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அந்த உயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, தமக்கு இடம் கொடுத்த உயிருக்கும் கொடுக்கின்றன. எனவேதான் முருகைக்கற்பாறைகள் வெப்பமான, தெளிந்த, வெயில் புகும் ஆழங்குறைந்த கடலிற் செழிக்கின்றன. உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே அவற்றுக்கு உண்டு. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று தன் வாழ்வின் ஏதோ ஒரு காலத்தில் அவற்றை நம்பியிருக்கிறது. பெரிய திரளை முருகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே வளரும். மனித உயரத்துக்கு வளர ஒரு நூற்றாண்டுக்கு மேல் செல்லும்.

சுழியோடிப் படிப்பது எப்படி?

நீருக்கடியில் தானாகக் காற்றை அளந்து கொடுக்கும் கருவியை 1943 இல் பிரான்சில் ஷாக் கூஸ்ரோவும் எமில் கஞ்ஞானும் உருவாக்கினர். மாணவர்கள் முதலில் நீச்சற் குளத்தில் இதனைப் பழகுவர். 10 மீற்றர் இறங்கினால் உடலைச் சுற்றியுள்ள அமுக்கம் இரட்டிப்பாகும். 20 மீற்றரில் மும்மடங்காகும். அங்கே உள்ளிழுத்த காற்று, மேலே வரும்போது விரியும். ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது நுரையீரலைக் கிழித்துவிடும். விரைந்து மேலெழுந்தால், உடலிற் கரைந்திருந்த நைதரசன் வாயு குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். எனவே மெதுவாக வரவேண்டும். 5 மீற்றர் ஆழத்திற் சில நிமிடங்கள் தரித்து வரவேண்டும். எவரும் தனியே இறங்குவதில்லை. இருவர் இருவராகவே இறங்குவர். ஒருவருக்குக் காற்றுத் தீர்ந்தால் மற்றவர் கொடுப்பார்.

படிப்பு முறை எளிமையானது. பிளாஸ்ரிக் குழாயாற் செய்த ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் முருகை எவ்வளவு, பாசி எவ்வளவு, எத்தனை கடல் முள்ளிகள் என்று பார்த்து, நனைந்தாலும் அழியாத பலகையில் பென்சிலால் எழுதுவர். பின்னர் அளவுநாடாவின் வழியே நகர்ந்து அடுத்த இடத்தில் அதே வேலை. வயலில் கதிர் எண்ணி விளைச்சலை மதிப்பிடுவது போன்றதே இது.

வயல் அழிந்த கதை

1970 களின் இறுதியில் ஜமெய்க்காவின் பாறைகளில் நூற்றுக்கு 50 பங்குக்கு மேல் உயிருள்ள முருகை இருந்தது. 1980 ஓகஸ்ற் மாதம் 'அலன்' என்னும் சூறாவளி வந்து மான்கொம்பு முருகைகளை நொறுக்கியது. ஆனால் சூறாவளி அவற்றுக்குப் புதிதல்ல. உடைந்த இடத்தில் இளம் முருகைகள் முளைக்கத் தொடங்கின.

அடுத்த அடி 1983 இல் விழுந்தது. நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளிகளை ஒரு நோய் தாக்கியது. அவ்வாண்டு தை மாதத்தில் பனாமாக் கரையோரம் தென்பட்ட அந்நோய், சுமார் ஓராண்டில் கரிபியன் கடல் முழுவதும் பரவி, நூற்றுக்கு 90 க்கு மேற்பட்ட முள்ளிகளைக் கொன்றது. முள்ளி செத்தால் முருகைக்கு என்ன என்று கேட்கலாம். முள்ளிகளே பாசியை மேய்ந்து பாறையைத் துப்புரவாக வைத்திருந்தன. அவை போனதும் பாசி எழுந்தது. இளம் முருகைக்கு ஒட்ட இடமில்லை. இருந்த முருகைக்கு ஒளியில்லை.

டெரன்ஸ் ஹியூஸ் என்னும் ஆய்வாளர் 1994 இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இக்கணக்கை வெளியிட்டார். 1977 இற்கும் 1993 இற்கும் இடையில் முருகை நூற்றுக்கு 52 இலிருந்து 3 ஆகக் குறைந்தது. பாசி 4 இலிருந்து 92 ஆக உயர்ந்தது.

குற்றம் யாருடையது?

சூறாவளியா, நோயா? ஆய்வாளர் அத்துடன் நிற்கவில்லை. அவ்விரண்டுக்கும் முன்னரே ஒரு காரியம் நடந்துவிட்டது. கிளிமீன் போன்ற பாசி மேயும் மீன்கள் கூடுகளினாலும் வலைகளினாலும் பல ஆண்டுகளாக அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டிருந்தன. களை எடுக்க முன்பு பலர் இருந்தனர். பின்னர் முள்ளி மட்டுமே எஞ்சியது. வெளிப்பார்வைக்குப் பாறை அழகாகவே இருந்தபடியால் ஆபத்து எவர் கண்ணுக்கும் படவில்லை. அந்த ஒருவரும் நோயில் விழுந்தபோது வயல் முழுவதும் களையாயிற்று. மீனவரைப் பழித்து இதனை முடித்துவிட முடியாது. வேறு பிழைப்பு இல்லாத ஏழைகளே அவர்களிற் பலர். பாறை அழிந்தபோது முதலில் பசித்தவர்களும் அவர்களே.

மீள வழி உண்டா?

ஓரளவு உண்டு. 1990 களின் பிற்பகுதியில் டிஸ்கவரி பேயின் ஆழங்குறைந்த சில இடங்களுக்கு முள்ளிகள் திரும்பின. அவை மேய்ந்த இடங்களிற் பாசி குறைந்து, இளம் முருகைகள் கூடுதலாகக் காணப்பட்டன. 2010 இல் அதே வடகரையின் ஒறக்கபெசா விரிகுடா மீன்பிடி தவிர்க்கப்பட்ட சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் காவலராக நியமிக்கப்பட்டவர்களில் அவ்வூர் மீனவரும் உண்டு. முருகைத் துண்டுகளை நாற்றுமேடையில் வளர்த்துப் பாறையில் நடும் வேலையும் அங்கு நடந்தது. ஆயினும் ஆபத்து நீங்கிவிடவில்லை. கடல் நீர் வழக்கமான கோடை வெப்பத்திலும் ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் நின்றாலே முருகைகள் உள்ளிருக்கும் பாசியை இழந்து வெளிறிவிடும். 1998 இல் நமது ஹிக்கடுவையில் நேர்ந்ததும் இதுவே. 2022 இல் கரிபியனின் முள்ளிகளை மீண்டும் ஒரு நோய் தாக்கியது.

நாம் எண்ண வேண்டியது

1977 இல் எவரும் எண்ணி எழுதியிராவிட்டால், 1993 இல் அங்கு இறங்கிய மாணவன் என்ன நினைத்திருப்பான்? பாசி மூடிய பாறைதான் கடலின் இயல்பு என்றே நினைத்திருப்பான். இழந்தது என்னவென்று அறியாதவன் அதை மீட்க எண்ணவும் மாட்டான்.

இடம்பெயர்ந்த இடத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை இங்கே நினைத்துப் பார்ப்போம். ஊரில் நமது கிணறு எத்தனை முழம், எந்த வரம்புக்கு அப்பால் யாருடைய காணி, எந்த வாய்க்காலால் தண்ணீர் வந்தது, என்ன நெல் விதைத்தோம், எத்தனை பனை, எத்தனை மா என்பவை பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருந்தால், அவர்களோடு அவையும் போய்விடும். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். இன்றிரவே பிள்ளைகளை அருகில் இருத்தி, நீங்கள் சொல்ல அவர்கள் எழுதட்டும். திரும்பிச் செல்லும் நாளில் பற்றையின் கீழ் நமது வயல் எதுவென்று காட்ட அந்தக் கொப்பி உதவும்.