அணையாத சிறுதீ

ரெண்டாங், பாயசம், பருப்புக் குழம்பு, அரிசிக் கஞ்சி ஆகியவை வெவ்வேறு சுவை கொண்டவை. ஆயினும், இவற்றைச் சமைப்போர் அனைவருக்கும் தேவைப்படுவது ஒன்றுதான். அதுவே, நீண்ட நேரம் ஒரே சீராக எரியும் சிறுதீ. தீ சற்றுக் கூடினாலும் பால் பொங்கி வழியும். சட்டியின் அடி பிடித்துவிடும். தீயை மிகவும் குறைத்தாலோ, அது அணைந்தே போகக்கூடும். அணைந்த அடுப்பிலிருந்து எரிவாயு ஓசையின்றிக் கசியத் தொடங்கினால், சமையல் சிக்கல் உயிருக்கே ஆபத்தாக மாறிவிடும். எனவே, பெருந்தீயைத் தரும் அடுப்பை வடிவமைப்பதைவிட, அணையாத சிறுதீயைத் தரும் அடுப்பை வடிவமைப்பதே பொறியாளர்களுக்குக் கடினமான பணியாக உள்ளது.

சிறுதீ எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? வீட்டு அடுப்பின் நடுத்தர பர்னர் ஒன்று முழுமையாக எரியும்போது ஏறத்தாழ 2 கிலோவாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அதில் ஏறக்குறைய பாதி பாத்திரத்தைச் சேராமல் காற்றில் கலந்துவிடுகிறது. எஞ்சிய 1 கிலோவாட் வெப்பம், கொதிக்கும் நீரை ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கும் மேலாக ஆவியாக்கிவிடும். ஆனால், ஒருமுறை சூடேறிய குழம்பை அதே சூட்டில் வைத்திருக்க அவ்வளவு வெப்பம் தேவையில்லை. பாத்திரம் இழக்கும் வெப்பத்தை மட்டும் ஈடுசெய்தால் போதும். மூடி போட்ட சிறு பாத்திரத்திற்கு நூறு, இருநூறு வாட் வெப்பமே போதுமானது. ஆகவே, தீயை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியுள்ளது.

இது ஏன் கடினமாகிறது என்பதை அறிய, அடுப்பு இயங்கும் முறையை அறிந்துகொள்ள வேண்டும். தோம்பிலுள்ள எரிவாயு, அழுத்தச் சீராக்கியைக் கடந்து குழாய் வழியாக அடுப்பை அடைகிறது. அப்போது அதன் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் மட்டுமே கூடுதலாக இருக்கும். அடுப்பினுள் அது ஒரு நுண்துளை முனை வழியாக வேகமாகப் பீறிட்டு, கலப்புக் குழாய்க்குள் நுழைகிறது. அந்த வேகத்தால் சுற்றியுள்ள காற்றும் உடன் இழுக்கப்படுகிறது. காற்றும் எரிவாயுவும் கலந்து, பர்னரின் துளைகள் வழியாக வெளிவந்து நீலச் சுடராக எரிகின்றன. எரிவதற்கு முன்பே காற்றைக் கலக்கும் இம்முறை, 1855-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் வேதியியலாளர் ராபர்ட் புன்சன் உருவாக்கிய ஆய்வுக்கூட அடுப்பின் வழி புகழ்பெற்றது. இன்றைய சமையலறை அடுப்பும் அதே கொள்கையைப் பின்பற்றுகிறது.

ஒரு பங்கு புரோப்பேன் வாயு முழுமையாக எரிய, ஏறத்தாழ 24 பங்கு காற்று தேவை. அதில் ஒரு பகுதியைப் பீறிடும் வாயுவே இழுத்து வருகிறது. குமிழைத் திருகித் தீயைக் குறைக்கும்போது, இந்த இழுவிசை எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் குறைகிறது. எரிவாயுவின் பாய்வு பாதியாகும்போது, முனையில் இருக்கும் அழுத்தம் கால் பங்காகிவிடும். பாய்வு பத்தில் ஒன்றானால், அழுத்தம் நூறில் ஒன்றாகிவிடும். அதாவது, 3 மில்லிமீட்டர் உயரமுள்ள நீர் தரும் அழுத்தமே அங்கு மிஞ்சும். அந்நிலையில், திறந்த சன்னலிலிருந்து வரும் இளங்காற்றும் மின்விசிறியின் காற்றும்கூடச் சுடரை அலைக்கழித்துவிடும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. சுடர் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் அங்கே ஒரு போட்டி நடைபெறுகிறது. எரிவாயுக் கலவை துளையிலிருந்து வெளியே பாய்கிறது. சுடரோ கலவையை எரித்துக்கொண்டே துளையை நோக்கி முன்னேற முயல்கிறது. புரோப்பேனும் காற்றும் சரியான அளவில் கலந்திருந்தால், சுடர் வினாடிக்கு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் வேகத்தில் முன்னேறும். கலவை மிக வேகமாகப் பாய்ந்தால், சுடர் துளையை விட்டு எழும்பி அணைந்துவிடும். மிக மெதுவாகப் பாய்ந்தால், சுடர் துளைக்குள் புகுந்து பின்வாங்கிவிடும். பெருந்தீக்கு ஏற்பத் துளைகளின் மொத்தப் பரப்பைக் கூட்டினால், சிறுதீயின்போது கலவையின் வேகம் குறைந்துவிடும். சிறுதீக்கு ஏற்பப் பரப்பைக் குறைத்தால், பெருந்தீயின்போது சுடர் எழும்பிவிடும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது.

சுடர் பின்வாங்குவதைத் தடுக்க ஒரு பழைய கண்டுபிடிப்பு துணைபுரிகிறது. 1815-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிவியலாளர் ஹம்ப்ரி டேவி, சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கு ஒன்றை உருவாக்கினார். சுடரைச் சுற்றி அமைந்த கம்பிவலை, வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு, சுடர் வெளியே பரவாமல் தடுத்தது. பர்னரின் நுண்ணிய துளைகளும் அவ்வாறே செயல்படுகின்றன. ஏறத்தாழ 2 மில்லிமீட்டருக்கும் சிறிய துளைக்குள் நுழைய முயலும் புரோப்பேன் சுடர், சுற்றியுள்ள உலோகத்திடம் வெப்பத்தை இழந்து அணைந்துவிடும். ஆனால், இதே குணம் சிறுதீக்கு எதிரியாகவும் மாறுகிறது. சுடர் மிகச் சிறியதானால், அது உலோகத்தை ஒட்டி நின்று, வெப்பத்தை இழந்து, தானே அணையக்கூடும்.

எரிவாயுவின் வகைக்கு ஏற்பவும் வடிவமைப்பு மாற வேண்டும். சிங்கப்பூரில் பல வீடுகளுக்குக் குழாய் வழியாக வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் பெரும்பங்கு வகிக்கிறது. ஹைட்ரஜன் சுடர், புரோப்பேன் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். ஆகவே, தோம்பு எரிவாயுவுக்காகச் செய்யப்பட்ட அடுப்பை அப்படியே நகர எரிவாயுவில் பொருத்துவது ஆபத்தானது.

இச்சிக்கல்களுக்குப் பொறியாளர்கள் பல தீர்வுகளைக் கண்டுள்ளனர். முதலாவது, சிறுதீக்கென்றே தனியாகச் சிறிய பர்னரை அமைப்பது. இரண்டாவது, ஒரே பர்னரில் இரண்டு வளையங்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எரிவாயுவைச் செலுத்துவது. பெருந்தீக்கு இரண்டும் எரியும். சிறுதீக்கு உள்வளையம் மட்டும் எரியும். சில அடுப்புகளில், வளையங்களுக்குப் பதிலாகத் துளைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகளில் அமைந்திருக்கும். மூன்றாவது தீர்வு சற்று வேறுபட்டது. மின்னணுக் கட்டுப்பாடுடைய சில அடுப்புகளில் சுடர் சில வினாடிகள் எரிந்து, பிறகு தானே அணைந்து, மீண்டும் பற்றிக்கொள்ளும். சுடரைச் சிறிதாக்காமல், அது எரியும் நேரத்தைக் குறைப்பதே இதன் உத்தி.

எவ்வளவு நுட்பமாக வடிவமைத்தாலும், சுடர் அணையும் வாய்ப்பை முற்றாக ஒழிக்க இயலாது. அதற்காகவே, பல அடுப்புகளில் வெப்ப மின்னிரட்டை பொருத்தப்படுகிறது. இருவேறு உலோகங்கள் இணையும் இடத்தைச் சூடாக்கினால் மின்விளைவு உண்டாகும் என்பதை 1821-ஆம் ஆண்டில் தாமஸ் சீபெக் கண்டறிந்தார். சுடரின் வெப்பத்தால் உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டம், ஒரு மின்காந்தத்தின் வழி எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும். சுடர் அணைந்து, மின்னிரட்டை குளிர்ந்ததும், மின்காந்தம் பிடியை விடும்; சுருள்வில் வால்வை மூடிவிடும். இத்தகைய அடுப்பைப் பற்றவைத்த பின், குமிழைச் சில வினாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம். மின்னிரட்டை சூடேற அந்த நேரம் தேவைப்படுகிறது.

பயனீட்டாளருக்கும் பொறுப்பு உண்டு. உணவுத்துகள் அடைத்த துளைகளைத் தூய்மை செய்தால், சுடர் சீராக எரியும். மஞ்சள் நிறச் சுடர், போதிய காற்று கலக்கவில்லை என்பதைக் காட்டும். அப்போது கரியோடு நச்சுத்தன்மை வாய்ந்த கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம். தோம்பு எரிவாயு காற்றைவிடக் கனமானது. எனவே, கசிந்தால் தரையோரம் தேங்கும். அதன் வாடையை உணர்ந்தால், மின்விசையைத் தொடாமல் தோம்பை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். சிறுதீயின் அளவை நிர்ணயிக்கும் திருகாணியைத் தகுதி பெற்ற தொழில்நுட்பரே சரிசெய்ய வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பர். அடுப்பில் பொறுமையாக வேகும் உணவுக்கும் இது பொருந்தும். அந்தப் பொறுமைக்குத் துணைநிற்கும் சிறிய நீலச் சுடருக்குப் பின்னால், காற்று, வெப்பம், அழுத்தம், மின்சாரம் ஆகியவற்றைப் பற்றிய இருநூறு ஆண்டுகால அறிவு அடங்கியுள்ளது.