அயல்மொழித் தேர்ச்சி நிலைகளில் வாசிப்புத் திறன் விவரிப்புகள்

அயல்மொழி ஒன்றைக் கற்பவரால் எதை, எந்த அளவுக்கு வாசித்துப் புரிந்துகொள்ள முடியும் என்பதை நிலைவாரியாகச் சொல்லும் குறுங்கூற்றுகளே வாசிப்புத் திறன் விவரிப்புகள். இன்று பரவலாகப் பயன்படும் விவரிப்புகள் மொழிகளுக்கான பொது ஐரோப்பியச் சட்டகத்தில் இடம்பெற்றவை. ஐரோப்பிய அவை இதை 2001-இல் நூலாக வெளியிட்டது. ஸ்ட்ராஸ்பூர்கைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த அவை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வேறுபட்ட அமைப்பு. சட்டகம் மொழித் தேர்ச்சியை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. ஜெர்மன், பிரெஞ்சு முதலிய மொழிகளின் தேர்வுச் சான்றிதழ்களில் காணப்படும் நிலைக்குறிகள் இவையே.

தோற்றம்

இந்த விவரிப்புகளின் பெரும்பகுதி சுவிட்சர்லாந்தில் பிரையன் நார்த், குந்தர் ஷ்னைடர் ஆகியோர் 1993 முதல் 1996 வரை நடத்திய ஆய்வுத் திட்டத்தில் உருவானது. அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த பல அளவுகோல்களிலிருந்து கூற்றுகளைத் திரட்டினர். அவற்றை ஆசிரியர்களிடம் கொடுத்து வகைப்படுத்தச் செய்து, தெளிவற்றவற்றை நீக்கினர். பின்னர் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் 2,800 மாணவர்களை இக்கூற்றுகளின்படி மதிப்பிட்டனர். அந்த மதிப்பீடுகளை ராஷ் மாதிரி என்னும் புள்ளியியல் முறையில் ஆய்ந்து, ஒவ்வொரு கூற்றும் எந்த நிலைக்கு உரியது என முடிவு செய்தனர்.

ஆகவே, ஒரு கூற்று பி1-இல் இருப்பதற்குக் காரணம், பல ஆசிரியர்கள் அதன் கடினத்தை அந்த இடத்தில் கண்டார்கள் என்பதே. வாசிக்கும்போது மனத்தில் நிகழ்வதை அளந்து பெற்ற வரிசை அன்று இது. விவரிப்புகளைப் பகுத்தாயும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்வது அவசியம்.

நிலைவாரியாக வாசிப்பு

- ஏ1: பழக்கமான பெயர்கள், சொற்கள், மிக எளிய தொடர்கள். அறிவிப்பு, சுவரொட்டி போன்றவற்றை ஒவ்வொரு தொடராக, தேவைப்பட்டால் திரும்பப் படித்துப் புரிந்துகொள்வார்.
- ஏ2: குறுகிய எளிய பனுவல்கள். உணவுப்பட்டியல், கால அட்டவணை, விளம்பரம் ஆகியவற்றில் எதிர்பார்க்கக்கூடிய தகவலைத் தேடி எடுப்பார்.
- பி1: அன்றாட வாழ்க்கை, பணி சார்ந்த மொழியில் அமைந்த பனுவல்கள். தனிமடலில் வரும் நிகழ்ச்சிகள், உணர்வுகள், விருப்பங்கள் புரியும்.
- பி2: சமகாலச் சிக்கல்கள் பற்றிய கட்டுரைகள், அறிக்கைகள். எழுதியவரின் நிலைப்பாட்டை அடையாளம் காண்பார். சமகால உரைநடை இலக்கியத்தையும் வாசிப்பார்.
- சி1: நீண்ட, சிக்கலான பனுவல்கள். நடை வேறுபாடுகளையும், வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்தப்படும் கருத்துகளையும் உணர்வார்.
- சி2: அருவமான கருத்துகளும் சிக்கலான அமைப்பும் கொண்டவை உட்பட, ஏறத்தாழ எல்லா எழுத்து வடிவங்களும்.

விவரிப்பின் கூறுகள்

ஒரு விவரிப்பை முழு வாக்கியமாகப் படித்தால் நிலைகளுக்கு இடையிலான வேறுபாடு தெளிவாகத் தெரியாது. அதை மூன்று கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும்.

முதலாவது, பனுவல்: அதன் நீளம், மொழிச் சிக்கல், பொருள். இரண்டாவது, செயல்: அடையாளம் காணுதல், தேடி எடுத்தல், வாதத்தின் போக்கைப் பின்தொடர்தல், உட்பொருளை ஊகித்தல். மூன்றாவது, நிபந்தனை: திரும்பப் படிக்க வாய்ப்பு உண்டா, அகராதி பார்க்கலாமா, பொருள் வாசகரின் துறையைச் சேர்ந்ததா.

இவற்றில் எளிதில் கவனத்திலிருந்து தவறுவது மூன்றாவது கூறு. 'திரும்பப் படித்தல்' என்ற நிபந்தனை ஏ1-இலும் வருகிறது, சி1-இலும் வருகிறது. ஏ1 வாசகர் ஒரு தொடரின் பொருளைப் பெறவே திரும்பப் படிக்கிறார். சி1 வாசகரோ தம் துறை சாராத நீண்ட பனுவலின் கடினமான பகுதிகளை மட்டும் திரும்பப் படிக்கிறார். அகராதியும் அப்படியே. தம் துறைக்கு வெளியே உள்ள சிறப்புக் கட்டுரையைப் பி2 வாசகர் படிக்கும்போது, கலைச்சொற்களின் பொருளை உறுதிசெய்ய அவ்வப்போது அகராதியை நாடலாம் எனச் சட்டகமே ஒப்புக்கொள்கிறது. அகராதியைத் தொடுவதே தேர்ச்சிக் குறைவு என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

எடுத்துக்காட்டு: அறிவுறுத்தல்களை வாசித்தல்

சட்டகத்தில் பொதுவான வாசிப்பு அளவுகோலுடன், மடல்கள், தகவல் தேடல், தகவலும் வாதமும், அறிவுறுத்தல்கள் ஆகியவற்றுக்குத் தனி அளவுகோல்கள் உள்ளன. அறிவுறுத்தல்களுக்கான அளவுகோல் நிலைகளின் வேறுபாட்டை நன்கு காட்டுகிறது.

ஏ1-இல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்லும் வழிக்குறிப்பு புரிந்தால் போதும். ஏ2-இல் அன்றாடக் கருவிகளின் எளிய குறிப்புகள். பி1-இல் ஒரு கருவிக்கான, தெளிவாகவும் நேரடியாகவும் எழுதப்பட்ட வழிமுறைகள். பி2-இல் தம் துறை சார்ந்த நீண்ட, சிக்கலான வழிமுறைகள். நிபந்தனைகளும் எச்சரிக்கைகளும் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுவது இந்த நிலையில்தான். சி1-இல் துறை எல்லை நீங்குகிறது.

இதன் நடைமுறைப் பொருளை ஒரு செவிலியரின் பணியில் காணலாம். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற விரும்பும் வெளிநாட்டவரிடம் பொதுவாகப் பி2 நிலை எதிர்பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கும் இது பொருந்தும். மருந்துக் குறிப்பில் "நாளுக்கு இருமுறை" என்பதைப் பி1 வாசகரும் புரிந்துகொள்வார். "சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால் அளவைப் பாதியாக்குக, இன்ன மருந்துடன் சேர்த்துக் கொடுக்கலாகாது" என்னும் விலக்குகள் நீண்ட வாக்கியங்களுக்குள் வரும்போது, அவற்றைப் பிழையின்றிப் பிரித்தறிய வேண்டும். ஒரு நிலை வேறுபாடு இங்கே நோயாளியின் பாதுகாப்பைத் தொடுகிறது. பி2 கூற்றிலும் 'கடினமான பகுதிகளைத் திரும்பப் படிக்க முடிந்தால்' என்ற நிபந்தனை உண்டு. அவசர வேளையில் அந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். சான்றிதழ் இருந்தும் பணியிடத்தில் மேற்பயிற்சி தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைகள்

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஆல்டர்சன், டச்சுத் திட்டம் ஒன்றின் வழியாக, வாசிப்பு, கேட்டல் விவரிப்புகளை உடன் ஆய்வாளர்களுடன் பகுத்தாய்ந்தார். அதன் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. 'எளிய', 'குறுகிய' போன்ற சொற்களுக்கு வரையறை இல்லை. ஒரே செயல் வெவ்வேறு வினைச்சொற்களால் குறிக்கப்படுகிறது. ஒரு நிலையில் பேசப்படும் செயல் அடுத்த நிலையில் காணப்படவில்லை. தேர்வு வினா அமைப்போருக்கு இவை சிக்கலை உண்டாக்குகின்றன. எத்தனை சொற்கள் கொண்டது குறுகிய பனுவல் என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், இரு நிறுவனங்களின் பி1 தேர்வுகள் ஒரே கடினம் உடையவையாக அமையாமல் போகக்கூடும்.

உயர்நிலைகளிலும் இடைவெளி உண்டு. 2001 நூலில் தகவல், வாதம் சார்ந்த வாசிப்பு அளவுகோலில் சி2-க்கெனத் தனிக் கூற்று தரப்படவில்லை. சி1 போலவே என்ற குறிப்பே உள்ளது.

2020-இல் வெளியான துணைத் தொகுதி சில மாற்றங்களைச் செய்தது. ஏ1-க்கு முந்தைய நிலைக்கும், பொழுதுபோக்காக வாசித்தலுக்கும் புதிய விவரிப்புகள் சேர்ந்தன. தாய்மொழியாளரை அளவாகக் கொண்ட தொடர்கள் கூற்றுகளிலிருந்து நீக்கப்பட்டன.

பிற மொழிகளுக்குப் பயன்படுத்துதல்

சட்டகம் எந்தத் தனி மொழியின் இலக்கணத்தையோ சொற்களையோ குறிப்பிடுவதில்லை. அவற்றை அந்தந்த மொழிக்குரிய தனி நூல்கள் நிரப்ப வேண்டும். ஜெர்மனுக்கான 'ப்ரோஃபிலே டாய்ச்' அத்தகையது. தமிழை அயல்மொழியாகக் கற்போருக்கு இவ்விவரிப்புகளைப் பயன்படுத்தும்போது இரு கேள்விகள் எழுகின்றன. 247 எழுத்துகளின் வடிவங்களை இனங்காணும் காலத்தை எந்த நிலையில் சேர்ப்பது? பேச்சுத் தமிழை நன்கு அறிந்தும் எழுத்துத் தமிழை வாசிக்கத் தடுமாறும் மாணவரை எங்கே வைப்பது? பேச்சுக்கும் வாசிப்புக்கும் தனித்தனி நிலைகள் வழங்கலாம் என்பதே சட்டகத்தின் விடை. ஒருவர் பேச்சில் பி2-இலும் வாசிப்பில் ஏ2-இலும் இருப்பதை அது இயல்பானதாகவே கருதுகிறது.

மாணவர்கள் தம் நிலையைத் தாமே மதிப்பிட விரும்பினால், விவரிப்பின் மூன்று கூறுகளையும் கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு நீளமான, எந்தப் பொருள் பற்றிய பனுவல்? அதில் நான் எதைக் கண்டறிந்தேன்? எந்தத் துணையுடன்? சான்றிதழில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கும். அடுத்து எதைப் படித்துப் பழக வேண்டும் என்பதை இம்மூன்று கேள்விகளின் விடைகளிலிருந்து அறியலாம்.