சராசரி விளைச்சலைச் சோதித்தல்: சித்தூர் நிலக்கடலையை முன்னிட்டு ஒரு விளக்கம்

சித்தூர்ச் சீமையின் செம்மண் நிலங்களில் மழையை நம்பிப் பயிராகும் பயிர்களுள் நிலக்கடலை நெடுங்காலமாக முதலிடம் பெற்று வந்துள்ளது. நாராயணி, தரணி முதலிய இரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையம் திருப்பதியில் உள்ளது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. எனினும் இரு மாவட்டத்து உழவர்களும் ஒரே வானத்தைப் பார்த்தே விதைக்கின்றனர். ஆனி, ஆடியில் விதைத்து ஐப்பசி வாக்கில் செடி பிடுங்குவர். ஒரு வரப்பிற்கு இப்புறம் நல்ல காய்ப்பும் அப்புறம் வெறுஞ்செடியும் காணப்படுதல் இங்குப் புதுமையன்று.

இத்தகைய ஊர்த்தொகுதி ஒன்றில், “இவ்வாண்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 1,000 கிலோ” என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். எல்லா வயல்களையும் நிறுத்துப் பார்த்தல் இயலாது. சில வயல்களின் கூறுகளைக் கொண்டே அக்கூற்றை ஏற்பதா, மறுப்பதா எனத் தீர்மானிக்க வேண்டும். இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முந்திய 7 ஆண்டுகளுள் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு ஒரு வரம்பு விளைச்சல் கணிக்கப்பட்டது. அறுவடைப் பரிசோதனையில் கண்ட சராசரி அவ்வரம்பிற்கு எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்பவே உழவருக்கு இழப்பீடு கிடைக்கும்.

பரிசோதனை செய்யும் முறையைக் களப்பணியாளர் அறிவர். சர்வே எண்ணை வாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுத்து, வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அட்டவணை காட்டும் அளவு நடந்து, அங்கே முளையடித்துக் கயிறு கட்டவேண்டும். துண்டின் அளவு 5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 25 சதுர மீட்டர் எனக் கொண்டால், துண்டில் கிடைக்கும் ஒவ்வொரு கிலோவும் ஹெக்டேருக்கு 400 கிலோவாகப் பெருகும். தராசில் கால் கிலோ பிசகினால் கணக்கில் 100 கிலோ பிசகும்.

இனி ஓர் உதாரணம். எண்கள் விளக்கத்திற்காகக் கற்பித்தவை. பத்து ஊர்களில் ஊருக்கொரு வயலாக வாய்ப்பு முறையில் எடுத்த துண்டுகளில், உலர்ந்த காயின் எடை கிலோவில் வருமாறு: 1.8, 2.6, 2.1, 2.9, 1.6, 2.4, 2.2, 3.1, 1.9, 2.4. கூட்டுத்தொகை 23, சராசரி 2.3. ஹெக்டேருக்கு இது 920 கிலோ ஆகும். கூற்றின்படி துண்டிற்கு 2.5 கிலோ இருந்திருக்க வேண்டும். 80 கிலோ குறைவைக் கண்டவுடன் “கூற்று பொய்” என்பார் பலர். அது அவசர முடிவு. வேறு பத்து வயல்கள் அகப்பட்டிருந்தால் சராசரி வேறாகவே இருந்திருக்கும். எவ்வளவு வேறாக இருக்கக்கூடும் என்பதைத் துண்டுகளின் ஏற்றத்தாழ்வே நமக்குச் சொல்லும்.

ஒவ்வோர் எடைக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கித்துக் கூட்டினால் 2.06 வரும். அதை 9-ஆல், அதாவது துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஒன்று குறைத்து, வகுத்து வர்க்கமூலம் கண்டால் 0.478, இது திட்ட விலக்கம். இதைப் பத்தின் வர்க்கமூலமான 3.162-ஆல் வகுத்தால் 0.151, இது சராசரியின் திட்டப் பிழை. நாம் கண்ட குறைவு 0.2 கிலோ, திட்டப் பிழையைப் போல 1.32 மடங்கு. நூற்றுக்கு ஐந்து முறை தவறாக மறுக்கும் அபாயத்தை ஏற்போமானால், பத்துத் துண்டுகளுக்கு அட்டவணை தரும் எல்லை 2.26 மடங்கு. அதைத் தாண்டாமையின் கூற்றை மறுக்க இடமில்லை.

இந்த எல்லைகளை முதன்முதல் ஆராய்ந்தவர் டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிசாலையில் பணியாற்றிய காசெட் என்பவர். சில கூறுகளை மட்டும் கொண்டு முடிவு செய்யவேண்டிய நிலை அவருக்கும் இருந்தது. 1908-இல் ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவன், என்ற புனைபெயரில் தம் கட்டுரையை வெளியிட்டார்.

மறுக்க இடமில்லை என்பதால் கூற்று மெய்யாகி விடாது. ஆசிரியர்கள் மாணவர்க்கு வற்புறுத்த வேண்டிய இடம் இதுவே. மேற்கண்ட எடைகளிலிருந்து 783 முதல் 1,057 கிலோ வரை எந்தச் சராசரியும் இருக்கக்கூடும் என்றே கணக்குக் காட்டுகிறது. “800 கிலோதான்” என்று வேறொருவர் சாதித்தாலும் அவரையும் மறுக்க இயலாது. நாற்பது துண்டுகளில் இதே சராசரியும் விலக்கமும் கிடைத்திருந்தால் 1.32 மடங்கு 2.64 ஆகும், எல்லையோ 2.02-ஆகச் சுருங்கும், அப்போது 1,000 கிலோ என்ற கூற்றைத் தயங்காது தள்ளலாம்.

மறுபுறம் பார்ப்போம். அத்திட்டத்தின் வழிமுறைகள் முக்கியப் பயிர்களுக்கு மண்டலத்திற்குக் குறைந்தது 10 பரிசோதனைகளும், கிராமப் பஞ்சாயத்திற்கு 4 பரிசோதனைகளும் வகுத்தன. சிறிய பரப்பைத் தனியே கணக்கிடுவது உழவருக்கு நியாயமே. ஆயினும் நான்கே துண்டுகள் இருந்து, விலக்கம் முற்கூறியவாறே அமைந்தால், சராசரிக்கு இருபுறமும் ஏறத்தாழ 300 கிலோ ஐயத்திற்கு இடமுண்டு. இழப்பீட்டுக் கணக்கு இந்த ஐயத்தைப் பார்ப்பதில்லை; கண்ட சராசரியை நேரே வரம்போடு ஒப்பிடும்.

துண்டுகளைப் பெருக்கினாலும் தீராத பிழை ஒன்றுண்டு. 1940-களில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் அறுவடைப் பரிசோதனை முறைகளை ஆராய்ந்த பி. வி. சுகாத்மே, மிகச் சிறிய துண்டுகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்டுவதை 1947-இல் வெளியான கட்டுரையில் எடுத்துக் காட்டினார். கயிற்றின் மேல் நிற்கும் செடிகளைத் துண்டிற்குள் சேர்க்கும் மனப்போக்கே இதற்குக் காரணம். துண்டு சிறிதாக ஆக, பரப்பை நோக்க அதன் விளிம்பு பெரிதாகும். நிலக்கடலையில் வேறிரு தொல்லைகளும் உள. ஈரம் காயாத காயை நிறுத்தால் எடை மிகும். மண் இறுகியபோது பிடுங்கினால் காய்கள் அறுந்து மண்ணிலேயே தங்கும். அவற்றைக் கிளறிப் பொறுக்காவிடில் எடை குறையும். வாய்ப்பு எண் காட்டிய வயலுக்கு வண்டி போகாது என்று பாதையோர வயலில் முளையடிப்பதும் இவ்வகைப் பிழையே. அவ்வாறு எடுத்த நாற்பது துண்டுகளை விட, முறைப்படி எடுத்த பத்துத் துண்டுகள் நம்பத் தக்கவை.