பம்பாய் தந்த யந்திர மேதை

அச்செழுத்து வார்ப்பது பொறுமையைச் சோதிக்கும் தொழில். ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி ஆகியவற்றைக் கலந்து உருக்கி, எழுத்தின் வடிவம் குடையப்பட்ட அச்சில் பாய்ச்ச வேண்டும். ஆறி இறுகியதும் வெளியே தள்ளி, மறுபடியும் பாய்ச்ச வேண்டும். இவ்வேலையை நிமிஷத்துக்கு 1,200 எழுத்து என்னும் வேகத்தில் செய்ய ஒரு யந்திரம் அமைத்தவர் நம் நாட்டினர் என்றால் வியப்பாயிருக்கும். அவர் பெயர் சங்கர் ஆபாஜி பிஸே.

1867-ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த அவருக்கு இளமையிலேயே யந்திரப் பித்துப் பிடித்திருந்தது. மாவு, சர்க்கரை முதலியவற்றைத் தானே நிறுத்துக் கொடுக்கும் கருவிக்காக லண்டன் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில், ஆங்கிலேயர்களை முந்திப் பரிசு பெற்றார். அந்த ஊக்கத்தில் கடல் கடந்து லண்டன் சேர்ந்தார்.

அங்கே அவருக்குத் துணை நின்றவர் தாதாபாய் நவுரோஜி. இந்தியாவின் செல்வம் வெளியே வடிவதைக் கணக்கிட்டுக் காட்டிய அப்பெரியவர், இந்தியனின் புத்தி பொருளாக விளைவதைக் காண விரும்பியதில் ஆச்சரியமில்லை. 'பிஸோடைப்' என்ற அந்த வார்ப்பு யந்திரத்துக்கு முதல் திரட்ட, பொதுவுடைமை பேசிய ஹைண்ட்மனின் உதவியையும் நாடினார்கள். முதலாளித்துவத்தைச் சாடியவரிடம் முதலுக்காகப் போய் நின்றது விதியின் விளையாட்டுத்தான்! பணம் வந்து சேரவில்லை. 1908-இல் பிஸே தாயகம் திரும்பினார்.

திரும்பும் கப்பலில் கோகலே இருந்தார். அவர் மூலம் ஜம்ஷெட்ஜி டாடாவின் இளைய குமாரர் ரத்தன் டாடாவின் ஆதரவு கிட்டியது. மீண்டும் முயற்சி தொடங்கிற்று. ஆயினும் சில ஆண்டுகளில் அக்கூட்டு முறிந்தது. யந்திரம் உலகச் சந்தையைப் பிடிக்கவேயில்லை. குறை யந்திரத்தில் இருந்ததாக நாம் கருதவில்லை. லைனோடைப், மோனோடைப் கம்பெனிகள் பெரும் முதலுடன் வேரூன்றியிருந்த களத்தில், இரவல் பணத்துடன் ஒருவர் எத்தனை நாள் நிற்க முடியும்?

பின்னர் அமெரிக்கா சென்ற பிஸேக்கு, 'அடோமிடைன்' என்னும் அயோடின் மருந்து பேர் வாங்கித் தந்தது. சுமார் 200 புதுப்புனைவுகளும் 40 பேடண்டுகளும் அவருடையவை என்பர். அமெரிக்கர் அவரை 'இந்திய எடிஸன்' என்று அழைத்தனர். பள்ளிப் பாடங்களில் எடிஸனை மட்டுமே படித்து வளர்ந்த நமக்கு அப்பட்டம் சற்று உறுத்துகிறது.  1935 ஏப்ரலில் நியூயார்க்கில் அவர் காலமானார்.